ரொட்டிக்கு நடுவே என்ன?

வெளியே நிற்கும் எண் துப்புச் சொல்கிறது!

சுடோகு புதிரைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 81 கட்டங்கள். 1 முதல் 9 வரை எண்களை நிரப்ப வேண்டும். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, 9 கட்டங்கள் கொண்ட சிறு சதுரம் ஆகிய எதிலும் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது.

அமெரிக்காவில் 1979-ல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்பவர் அமைத்த புதிர் இது. 1984-ல் ஜப்பானுக்குப் போய்ப் பெயரும் புகழும் பெற்றது. 2004-ல் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையில் வெளிவந்தது. பிறகு உலகமெங்கும் பரவியது.

அதன் தம்பிதான் "சாண்ட்விச் சுடோகு". 2019-ல் இங்கிலாந்தில் பிரபலமாயிற்று.

ஆடுவது எப்படி?

இதில் 1-ம் 9-ம் ரொட்டித் துண்டுகள். அவற்றுக்கு நடுவே வரும் எண்களின் கூட்டுத்தொகை, வரிசைக்கு வெளியே எழுதப்பட்டிருக்கும்.

வெளியே 0 என்றால் நடுவில் ஒன்றும் இல்லை. 1-ம் 9-ம் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும்.

4 என்றால் நடுவில் 4 மட்டுமே. "3-ம் 1-ம் வரலாமே?" என்று கேட்காதீர்கள். 1 ரொட்டி ஆயிற்றே!

2 முதல் 8 வரை கூட்டிப் பாருங்கள். 35 வரும். ஆகவே, வெளியே 35 என்றால் 1-ம் 9-ம் இரண்டு ஓரங்களில் இருக்கும். 33 என்றால்? 2 மட்டும் ரொட்டிக்கு வெளியே, ஓரக் கட்டத்தில்!

போட்டுப் பாருங்கள்

இடது மேல் மூலையில் 1 இருக்கிறது. முதல் குறுக்கு வரிசைக்குத் துப்பு 35. எனவே அதன் கடைசிக் கட்டம் 9.

முதல் நெடுக்கு வரிசைக்குத் துப்பு 0. ஆகவே 1-க்கு நேர் கீழே 9.

கடைசி நெடுக்கு வரிசைக்குத் துப்பு 2. உச்சியில் 9 வந்துவிட்டது. அதன் கீழே 2, அதற்கும் கீழே 1.

ஒரே ஒரு எண்ணைக் கொண்டு நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டோம்!

மூலையில் 1 எதற்கு?

அது இல்லாவிட்டால் புதிர் கெட்டுவிடும். 1 இருக்கும் இடமெல்லாம் 9-ஐயும், 9 இருக்கும் இடமெல்லாம் 1-ஐயும் மாற்றிப் போட்டாலும் நடுவில் உள்ள தொகை மாறாது. ஒரு புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். அதனால் ஒரு 1 அல்லது ஒரு 9-ஐ உள்ளே போட்டே தீர வேண்டும்.

இனி உங்கள் முறை. இரண்டாவது குறுக்கு வரிசையின் 1 எந்தச் சிறு சதுரத்தில் வரும்?

விடை: நடுச் சதுரத்தில். இடச் சதுரத்திலும் வலச் சதுரத்திலும்தான் 1 வந்துவிட்டதே!