குத்துச்சண்டை பழகத் தொடங்குவோர்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் வாலிபன் ஒருவன் குத்துச்சண்டை பழக விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலிற் கேட்பது கையுறை. அடுத்துக் கேட்பது எதிரி. இவ்விரண்டையும் தொடக்கத்திற் கொடாத ஆசிரியரே நல்லாசிரியர் என்று சொன்னால் அவன் நம்பமாட்டான். ஆயினும் மட்டக்களப்பு நாட்டவர்க்கு இது புதிய செய்தியன்று.

கூத்துப் பழக்கும் முறையை நேயர்கள் நினைவுகூரலாம். வடமோடியாயினும் தென்மோடியாயினும், சட்டங் கொடுத்த அன்றே அண்ணாவியார் எவர் காலிலும் சதங்கை கட்டுவதில்லை. பல கிழமைகள் தாளக்கட்டுக்கு ஏற்ப மிதித்து மிதித்துக் கால் பண்பட்ட பின்னரே சதங்கை அணியும் நாள் வரும். அரங்கேற்றம் அதற்கும் அப்பால். குத்துச்சண்டையிற் கையுறை என்பது அந்தச் சதங்கை. போட்டி என்பது அந்த அரங்கேற்றம். ஒரு வேறுபாடு உண்டு. கூத்துக் களரி உண்மையாகவே வட்டமானது. குத்துச்சண்டைக் களமோ ஆங்கிலத்தில் வளையம் என்று பெயர் பூண்டும் நாற்சதுரமாக இருக்கிறது!

எனவே பயிற்சி காலிலே தொடங்குகிறது. வலக்கைப் பழக்கமுடையவன் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் வைத்து, தோளகலம் விட்டு, முழங்கால்களைச் சற்றே நெகிழ்த்தி நிற்கவேண்டும். பின்காலின் குதி சிறிது உயர்ந்திருக்கும். மோவாய் தாழ்ந்திருக்கும். இரு கைகளும் கன்னத்தை அடுத்து நிற்கும். முன்னே செல்லும்போது முன்கால் முதலிற் பெயரும். பின்வாங்கும்போது பின்கால் முதலிற் பெயரும். கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளலாகாது. பின்னிய கால்களோடு நிற்பவனைச் சிறுபிள்ளையும் தள்ளி வீழ்த்திவிடும். இடக்கைப் பழக்கமுள்ளவனுக்கு இவையெல்லாம் மறுதலையாக அமையும்.

அடுத்தது குத்து. குத்தின் வலிமை கையிலே இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். அது தவறென்பதை அறிய வாவியில் வீச்சுவலை எறியும் வலைஞரைப் பார்த்தாற் போதும். ஒடுங்கிய தோணியில் நிற்கும் அவர் கையாலா எறிகிறார்? பின்காலை ஊன்றுகிறார், இடுப்புத் திரும்புகிறது, தோள் தொடர்கிறது, கை கடைசியிலேதான் வருகிறது. அதனாலேயே பாரமான வலை அகன்று விரிந்து விழுகிறது, தோணியும் கவிழ்வதில்லை. வலக்கைக் குத்தும் இவ்வாறே நிலத்திலிருந்து எழுகிறது. ஆனால் தொடங்குவோன் அதனையும் உடனே பழகவேண்டியதில்லை. முன்கையால் நேரே நீட்டி உடனே மீட்கும் நேர்க்குத்தே முதற்பாடம். நீட்டிய விரைவிலும் மீட்கும் விரைவு பெரிதாக இருத்தல்வேண்டும்; மீளாத கை முகத்தைத் திறந்துவைத்த கதவுபோல ஆக்கிவிடும்.

முட்டி பிடிப்பதிலும் ஒரு முறையுண்டு. பெருவிரலை உள்ளே மடக்கிக் குத்துபவன் அதனை முறித்துக்கொள்வான். பெருவிரல் வெளியே, மடங்கிய விரல்களின் மேல் இருக்கவேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்களே இலக்கிற் படவேண்டும். சுண்டுவிரற் பக்கத்தாற் குத்துவோர்க்கு உள்ளங்கையின் அப்பக்க எலும்பு முறிவது வழக்கம். மருத்துவர்கள் அதனைக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அழைப்பர். மணிக்கட்டிலும் கணுக்களிலும் துணிப்பட்டி சுற்றாமல் மூடையைக் குத்துதல் ஆகாது. அந்த மூடையிலும் கடற்கரை மணலை நிரப்புவது தீது. மணல் அடியில் இறுகிக் கல்லாகிவிடும், பழந்துணியே நன்று.

கையுறையைப் பற்றி ஒரு செய்தி பலரும் அறியாதது. இக்கால விளையாட்டுக்கு அடிப்படையான குயின்ஸ்பெரி விதிகள் 1867 ஆம் ஆண்டில் வெளிவந்தன. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவனுக்குப் பத்து விநாடி, கையுறை ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. கையுறை முதன்மையாகக் காப்பது குத்துபவன் கையையே. குத்தப்படுபவன் தலையை அன்று. வெறுங்கையாற் கடினமான மண்டையிற் குத்துபவன் தன் கை உடையுமென்று அஞ்சுவான். கையுறை அணிந்தவனுக்கு அவ்வச்சம் குறைவு. தலைக்கவசமும் வெட்டுக்காயத்தைத் தடுக்குமேயன்றி மண்டையினுள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

ஆகவே தாய்மார் அஞ்சுவது பொய்யச்சமன்று. அதற்கு விடை, பிள்ளையைத் தடுப்பதிலும், பழகும் முறையை விசாரிப்பதிலே இருக்கிறது. சேர்ந்த கிழமையிலேயே புதியவனைப் பழகியவனோடு மோதவிட்டுச் சுற்றிநின்று சிரிக்கும் பயிற்சிக்களம் இருக்குமாயின், அங்கிருந்து பிள்ளையை அன்றே அழைத்துவரவேண்டும். அங்கே கற்பிக்கப்படுவது அடிவாங்குதல் மட்டுமே. தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி, மயக்கம், நினைவுத் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை அக்கணமே நிறுத்தி மருத்துவரிடம் செல்லவேண்டும். அவர் இசைவு தரும்வரை மீளலாகாது. முதற் குலுக்கல் ஆறுமுன் வரும் இரண்டாம் அடி, சிறிதாயினும், உயிருக்கே ஊறு செய்யக்கூடும். இதனை வீரக்குறைவென்று எண்ணும் பிள்ளைகள் உளர். அவர்கள் வலியை மறைப்பார்கள். ஆதலால் ஆசிரியர் கேட்டறியவேண்டும்.

உடல் மெலிந்தவன் என்று எவரும் ஒதுங்கவேண்டியதில்லை. எடைக்கு எடை என்பதே இவ்விளையாட்டின் நீதி. 1938 ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவிலே, ஏறத்தாழ 57 கிலோகிராமுக்கு உட்பட்டோர் பொரும் பெதர்வெயிட் பிரிவிற் பார்னி ஹென்றிக்கஸ் தங்கப்பதக்கம் வென்றார். அவ்விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம் அதுவே. பெண்பிள்ளைகளுக்கும் இப்போது தடையில்லை. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை இடம்பெற்றது. கசப்பான பாடமும் ஒன்றுண்டு. 2010 இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவிற் குத்துச்சண்டையில் இலங்கை பெற்ற தங்கம், ஊக்கமருந்துச் சோதனையின் பின் பறிக்கப்பட்டு வேல்ஸ் வீரருக்குச் சென்றது. உடலை விரைவிற் பெருக்குமென்று எவரோ தரும் மாவையும் மாத்திரையையும் தொடாதிருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

ஓட்டம், கயிறு தாண்டுதல், எதிரியைக் கற்பனை செய்து ஆடும் நிழற்சண்டை ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. கல்லடிப் பாலத்தின் மேலோ வெபர் விளையாட்டரங்கிலோ விடியற்பொழுதில் ஓடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுதல் நன்று. எடை குறைப்பதற்காகத் தடித்த உடையணிந்து, தண்ணீர் குடியாமல் ஓடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது குறைப்பது நீரை மட்டுமே. மயங்கி விழச்செய்யவும் வல்லது.

சில மாதங்கள் இவ்வாறு கழிந்தபின் ஒரு நாள் ஆசிரியர் இருவரை எதிரெதிரே நிறுத்துவார். இருவரும் நேர்க்குத்து ஒன்றையே ஆளவேண்டும்; அதுவும் அரை வலிமையில்; இலக்கு எதிரியின் தோள் மட்டுமே; காலம் ஒரே நிமிடம். இதற்கா இத்தனை மாதங்கள் என்று அவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். நிமிடம் முடியுமுன் இருவருக்கும் மூச்சு வாங்கும். கைகள் கன்னத்தை விட்டுத் தாமாகவே இறங்கத் தொடங்கும். ஆசிரியர் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.