ஒளிந்திருக்கும் நான்காவது குழாய்

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள் உண்டு. ஆகவே நரம்புக் குழாய்களும் மூன்றுதான் என எண்ணத் தோன்றும். ஆனால், பாதிக்கும் மேற்பட்ட பற்களில், கன்னப் பக்கத்து முன்வேருக்குள் இன்னொரு குழாயும் ஒளிந்திருக்கிறது. அதன் வாய் மிக நுண்ணியது. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதைத் தூய்மை செய்யாமல் விட்டால், உள்ளே தங்கும் கிருமிகளால் சில ஆண்டுகள் கழித்தும் வேர்நுனியில் சீழ் பிடிக்கலாம். வேர் சிகிச்சை பெற்ற பல் மீண்டும் வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் உருப்பெருக்கிகள் உதவுகின்றன. மருத்துவர் கண்ணாடிபோல் அணியும் 'லூப்' பொதுவாக 2.5 முதல் 6 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். நுண்ணோக்கியோ 20 மடங்குவரை செல்லும். பார்வைக் கோட்டிலேயே ஒளி பாய்வதால் பல்லின் ஆழத்திலும் நிழல் விழாது. அமெரிக்காவில் வேர் சிகிச்சை முதுநிலைப் படிப்பில் நுண்ணோக்கிப் பயிற்சி 1990-களின் இறுதியிலேயே கட்டாயமாயிற்று.

புனே நகரின் தாபோடியில் வசிப்போர் மெட்ரோவில் சில நிலையங்கள் கடந்தால், பிம்பிரியில் டி.ஒய். பாட்டீல் பல் மருத்துவக் கல்லூரியை அடையலாம். இத்துறையில் முதுநிலைப் படிப்பு வழங்கும் கல்லூரி அது.

விபத்தினால் நேராத பல் சிகிச்சைச் செலவைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. மறுசிகிச்சைச் செலவும் நம் சேமிப்பிலிருந்தே செல்லும். எனவே சிகிச்சைக்கு முன் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: உருப்பெருக்கி பயன்படுத்துவீர்களா? நான்காவது குழாயைத் தேடுவீர்களா?