ஓய்வுக் காலமும் இருவர் கணக்கும்

ஓய்வுக்காலச் செலவைக் கணவர் மட்டுமே கணக்கிடும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. தோட்டத்திலோ வேலை முடிந்தால் லயத்து வீடும் கைவிட்டுப் போகும். ஆதலின் தம்பதியர் முதலில் பேசவேண்டியது குடியிருப்பைப் பற்றியே.

ஊழியர் சேமநிதியை 55 வயதில் முழுதும் எடுக்கலாம். தனியார் துறையில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயதோ 60. இடைப்பட்ட ஐந்தாண்டில் அப்பணம் மகள் திருமணத்திலும் மகனின் மோட்டார் சைக்கிளிலும் கரைவதைக் காண்கிறோம்! வீடு வாங்க 55க்கு முன்னரே ஒரு பகுதியை எடுக்க விதி இடந்தருகிறது. வாங்கும் வீட்டை இருவர் பெயரிலும் பதிதல் நலம்.

முஸ்லிம் அல்லாத உறுப்பினர் மறைந்தால், அவர் நியமித்தவரையே சேமநிதிப் பணம் சேரும். இளமையில் அண்ணன் பெயரை எழுதியவர்கள் பின்னர் அதை மாற்றினார்களா? மனைவியுடன் அமர்ந்து பார்த்தல் வேண்டும். பால்மரம் வெட்டிய மனைவிக்கும் தனிக்கணக்கு உண்டு. அதனையும் அன்றே பார்த்துவிடலாம்.