தாலிக்கொடியை ஏலத்தில் விட்டது யார்?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில், கடற்றொழில் செய்யும் குடும்பமொன்றின் வீட்டு விறாந்தையில் இருந்து பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கிடையே அந்த வீட்டு அக்கா பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். தாலிக்கொடியை அடைவு வைத்த திகதிகளும் மீட்ட திகதிகளும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கொடி போகும், மீன்பாடு நல்லாயிருந்தால் திரும்பி வரும். கடைசியாக அடைவு வைத்தது 2022 சித்திரையில். மீட்ட திகதி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கொடி ஏலத்தில் போய்விட்டது.

“முள்ளிவாய்க்காலில இருந்து வரேக்க சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்தது தம்பி. ஷெல்லுக்குத் தப்பினது, செக்கிங்குக்கும் தப்பினது. கடைசியில மண்ணெண்ணெய்க்குத் தப்பேல்லை” என்றார்.

நான் படித்தது ஊடகக் கற்கை. வட்டி வீதம், பணவீக்கம், கடன் மறுசீரமைப்பு என்று வரும் செய்திகளை நானும் மேலோட்டமாக வாசித்துவிட்டுக் கடந்து போனவன்தான். அந்தக் கொப்பியின் திகதிகளை அரசாங்கத்தினதும் மத்திய வங்கியினதும் அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்று விளங்கியது. கொழும்பில் எடுக்கப்படும் நிதி முடிவு ஒவ்வொன்றும், அதன் செலவை யார் சுமப்பது என்ற முடிவும்தான்.

வரி குறைந்தது யாருக்கு?

கதை 2019 இறுதியில் தொடங்குகிறது. ஆட்சிக்கு வந்த கோட்டாபய ராஜபக்‌ஷ அரசாங்கம் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. வற் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வருடாந்தப் புரள்வின் எல்லை 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெரும் எண்ணிக்கையான வியாபார நிறுவனங்கள் வரி வலையிலிருந்து வெளியேறின. அதன் பின் கொரோனாவும் வந்தது. அரச வருமானம் சரிந்தது. கடன் தரமதிப்பீடு இறங்கியதால் சர்வதேசச் சந்தையில் கடன் எடுக்கவும் முடியவில்லை. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது.

அச்சிட்ட பணத்தால் டொலர் வராது. இருந்தும் டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாவில் கட்டி வைத்திருந்தார்கள். கையிருப்பு வற்றிய பிறகு, 2022 மார்ச்சில் அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது. இரண்டு மாதங்களில் டொலர் 360 ரூபாவை எட்டியது. எரிபொருள், மருந்து, பால்மா, உரம் எல்லாம் டொலரில் வருபவை. அந்த 160 ரூபா வித்தியாசம் ஒவ்வொரு வீட்டுக் குசினிக்கும் வந்து சேர்ந்தது.

ஒரே நாளில் 7 வீதம்

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வணிக வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதம் 7.5இலிருந்து 14.5 ஆனது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

வட்டியை உயர்த்துவதற்குக் காரணம் இருந்தது. கடன் வாங்குவது கடினமானால் செலவு குறையும், விலையேற்றம் தணியும். ஆனால், அந்த மருந்து எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வங்கியில் பெரிய வைப்பு உள்ளவருக்கு வட்டி உயர்வு வருமானம். படகு எஞ்சின் திருத்தக் கடன் எடுத்தவருக்கோ அது தண்டம்.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. ஒருமுறை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் தேவையென்று வைத்துக்கொள்ளுங்கள். 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபா ஆகிறது. மீன் படுமோ படாதோ, இது கரையிலேயே கட்டவேண்டிய காசு. அதற்கு முந்தைய மாதங்களில் வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. அந்த அக்காவின் கொடி மீளாமல் போனதும் இந்த மாதங்களில்தான்.

ஒரே அடி, வேறு வேறு உடம்பு

நெருக்கடி முழு நாட்டையும் தாக்கியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானதாக உலக வங்கி மதிப்பிட்டது. சிங்களக் கிராமமும் மலையக லயமும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

ஆனால், அடி விழும்போது தாங்கிக்கொள்ள ஒரு குடும்பத்திடம் ஏதாவது இருக்கவேண்டும். காணி, சேமிப்பு, நகை, ஓய்வூதியம், இப்படி ஏதாவது. 2009இல் வெறும் கையோடு முகாமுக்குப் போன குடும்பங்கள் அவற்றைத்தான் இழந்திருந்தன. மீள்குடியேறிய பிறகு அவர்களிடம் முதலில் வந்தவை நுண்கடன் நிறுவனங்கள். நிலைமை முற்றி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. நான்கு வருடங்களின் பின் பொருளாதார நெருக்கடி வந்து விழுந்தது இந்தக் குடும்பங்களின் மேல்தான்.

மீட்சிக்கும் ஒரு விலை

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அரச வருமானத்தைக் கூட்டவேண்டும் என்பது நிபந்தனைகளில் முக்கியமானது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பணக்காரரும் கூலித் தொழிலாளியும் கடையில் ஒரே வீதத்தில் கட்டும் வரி அது.

2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளின் உறுதிப்பாட்டைக் காக்கவேண்டும் என்று சொல்லி, அவற்றிடமிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. சுமை ஊழியர் சேமலாப நிதியின் பக்கம் போனது. நிதியத்தின் பழைய முறிகள், ஆரம்பத்தில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்பது நிபந்தனை. ஆடைத் தொழிற்சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்பவர்களின் முதுமைக்கால வருமானம் இப்படித்தான் சுருங்கியது. சொந்தமாகத் தொழில் செய்யும் கடற்றொழிலாளருக்கோ இந்த ஊழியர் சேமலாப நிதியும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. 100 ரூபாவுக்கு விற்ற பொருள் 170 ஆனபின் பணவீக்கம் 5 வீதத்துக்கு இறங்கினால், அது 178 ரூபா 50 சதம் ஆகும். பழைய 100க்குத் திரும்பாது. நாடு மீண்டுவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லும்போது, சந்தையில் நிற்பவருக்கு அது ஏன் விளங்கவில்லை என்பதற்கான காரணம் இதுதான்.

கேட்க வேண்டிய கேள்வி

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்‌ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் இந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்றும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. முக்கியமான தீர்ப்பு அது. ஆனால், இழந்த மக்களுக்கு நட்டஈடு என்று எதுவும் உத்தரவிடப்படவில்லை. பொறுப்பு யாருடையது என்று தெரிந்த பின்னும் இழப்பு மக்களிடமே நிற்பது எமக்குப் புதிய அனுபவமல்ல.

எங்கள் அரசியல் மேடைகளில் காணியும் நீதியும் அதிகாரப்பகிர்வும் பேசப்படுகின்றன. பேசத்தான் வேண்டும. அவற்றோடு வரவு செலவுத் திட்டத்தையும் வட்டி வீதத்தையும் எரிபொருள் மானியத்தையும் பேசவேண்டும். அடுத்தமுறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: “புதிய வரி, புதிய கடன், புதிய வட்டி என்று பாராளுமன்றத்துக்கு வரும்போது, அதன் சுமை யாருடைய தோளில் விழுகிறது என்று பார்த்தா கை உயர்த்துவீர்கள்?”

புறப்படும்போது அந்த அக்கா கொப்பியை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். இனி எழுத அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “மகளின்ர தோடு இருக்குத் தம்பி” என்றார்.