ஷரியா பங்குத் திட்டம் சரிவைத் தாங்குமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

அம்பாசமுத்திரம், பொட்டல்புதூர் பக்கம் வட்டி வாங்க விரும்பாத குடும்பங்கள் சேமிப்பை எங்கே போடுவது என்று யோசிக்கும்போது, இஸ்லாமிய நெறிப்படி (ஷரியா) அமைந்த பங்குத் திட்டங்களின் பெயர் அடிபடுகிறது. பொருளாதார நெருக்கடி வந்தாலும் இவை அவ்வளவாக விழாது என்ற பேச்சும் கூடவே வருகிறது. அது எவ்வளவு உண்மை?

சந்தேகம்: ஷரியா பங்குகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

விளக்கம்: வங்கி, வட்டித் தொழில், வழக்கமான காப்பீடு, மது, சூதாட்டம், பன்றி இறைச்சி ஆகிய தொழில்களில் உள்ள நிறுவனங்களை முதலிலேயே கழித்துவிடுவார்கள். மிஞ்சியவற்றில் கடன் சுமை அதிகமுள்ளவையும் போய்விடும். டவ் ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீட்டில், ஒரு நிறுவனத்தின் கடன் அதன் 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் நிஃப்டி 50 ஷரியா குறியீடும், டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகளும் இருக்கின்றன.

சந்தேகம்: 2008 உலக நிதி நெருக்கடியில் என்ன நடந்தது?

விளக்கம்: அப்போது திவாலான லேமன் பிரதர்ஸ் ஒரு முதலீட்டு வங்கி, அமெரிக்க அரசு கைகொடுத்துக் காப்பாற்றிய ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம். இரண்டுக்குமே ஷரியா பட்டியலில் இடமில்லை. அதனால் உலகச் சந்தைகளில் ஷரியா குறியீடுகள் மற்றவற்றைவிடக் குறைவாகச் சரிந்தன. ஆனாலும் சரிந்தன. இந்தியாவில், 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ் குறியீடு, அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. கடனில்லாத நல்ல நிறுவனங்களின் பங்குகளும் அதில் அடிபட்டன.

சந்தேகம்: எல்லா நெருக்கடியிலும் இதே கதைதானா?

விளக்கம்: இல்லை. 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில் நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்தச் சரிவில் வங்கிப் பங்குகளுக்குத்தான் பெரிய அடி. பிறகு மருந்து, ஐ.டி. பங்குகள் வேகமாக எழுந்தது ஷரியா தொகுப்புகளுக்குச் சாதகமாக அமைந்தது. 2022-இல் நிலைமை தலைகீழ்: ஐ.டி. குறியீடு ஏறத்தாழ கால் பங்கை இழந்தது. வங்கிப் பங்குகள் ஏறின. நிஃப்டி 50-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைக்குத்தான். அதை ஒதுக்கிய தொகுப்பு, வங்கி விழும்போது தப்பும். வங்கி ஏறும்போது பின்தங்கும்.

சந்தேகம்: மற்ற மதத்தவர் சேரலாமா?

விளக்கம்: தாராளமாகச் சேரலாம். கடன் குறைந்த நிறுவனங்களை விரும்பும் யாருக்கும் இது ஒரு வழிதான்.

சந்தேகம்: 'ஹலால்' என்று சொன்னாலே நம்பலாமா?

விளக்கம்: கூடாது. வட்டியில்லா லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவான ஃபண்டுதானா என்று முதலில் பாருங்கள். லாபத்தோடு நஷ்டத்தையும் ஏற்பதுதான் ஷரியா முதலீட்டின் அடிப்படை. 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்குறுதி ஷரியாவுக்கும் ஒவ்வாது, சந்தைக்கும் ஒவ்வாது.