இருநூறாவது யூனிட்டுக்கு முன்னே: பெங்களூரு வீடுகளின் கோடைக்கால மின்கணக்கு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு, ஒரு காலத்தில் மின்விசிறியே தேவைப்படாத ஊர் என்று பெயர் பெற்றிருந்தது. அந்தப் பெயர் இப்போது பழங்கதையாகி வருகிறது. 2016 ஏப்ரலில் இங்கு வெப்பம் 39.2 டிகிரி செல்சியசைத் தொட்டது. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி பதிவாயிற்று. மின்விசிறியே இல்லாதிருந்த வீடுகளில் இன்று அறைக்கொரு விசிறி சுழல்கிறது. படுக்கையறையில் குளிர்சாதனமும் இடம்பிடித்துவிட்டது. இதன் விளைவு, மே மாதத்தில் கைக்கு வரும் மின்கட்டணச் சீட்டில் தெரிகிறது.

கோடையில் கட்டணம் சற்றுக் கூடுவது இயல்பே. ஆனால் பெங்களூருவாசிகளுக்கு அது படிப்படியாகக் கூடுவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாகத் தாவுகிறது. அந்த எல்லையை அறிந்து செலவிடுவதே சிக்கனத்தின் முதற்படி.

இரண்டு எல்லைகள்

கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மாதந்தோறும் 200 யூனிட் வரை இலவசம் என்று இதனைப் பலரும் புரிந்துகொண்டுள்ளனர். உண்மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அளவு உண்டு. 2022-23ஆம் ஆண்டில் அவ்வீடு செலவிட்ட மாதச் சராசரியுடன் 10 சதவீதம் கூட்டிக் கிடைப்பதே அதன் இலவச அளவு. சராசரி 48 யூனிட்டுக்கும் குறைவான வீடுகளுக்கு, 2024 தொடக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 10 சதவீதத்துக்குப் பதிலாக 10 யூனிட் கூட்டப்படுகிறது.

செலவு இந்த அளவைத் தாண்டி 200 யூனிட்டுக்குள் நின்றால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். 200ஐத் தாண்டிவிட்டாலோ, அந்த மாதம் முழுச் செலவுக்கும் கட்டணம் செலுத்தவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வீட்டின் சராசரி 120 யூனிட் எனில், இலவச அளவு 132 யூனிட். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு. கோடை மாதத்தில் அவ்வீடு 200 யூனிட் செலவிட்டால், கூடுதலான 68 யூனிட்டுக்கு 394 ரூபாய் 40 காசு ஆகும். அதே வீடு 210 யூனிட் செலவிட்டால், 210 யூனிட்டுக்கும் சேர்த்து 1,218 ரூபாய் ஆகும். நிலைக்கட்டணம், வரி போன்றவை இக்கணக்கில் சேரவில்லை. பத்தே யூனிட்டின் வேறுபாடு 823 ரூபாய் 60 காசு!

எந்தக் கருவி எவ்வளவு எடுக்கிறது?

கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணிகளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். இக்கணக்கை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

*கீசர்:* பெங்களூருவின் குளிர்காலப் பழக்கம் கோடையிலும் தொடர்வதைப் பல வீடுகளில் காண்கிறோம். 2,000 வாட் கீசர் நாளொன்றுக்கு அரை மணி இயங்கினாலே மாதத்துக்கு 30 யூனிட் ஆகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அதனை நிறுத்தி வைப்பதால் இழப்பு ஏதுமில்லை.

*மின்விசிறி:* பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. வகை விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். மூன்று விசிறிகள் நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால், முன்னதற்கு மாதம் 81 யூனிட். பின்னதற்கு 32 யூனிட்டுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 48 யூனிட் மிச்சமாகும்.

*குளிர்சாதனம்:* வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 2020 ஜனவரி முதல் புதிய குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. 26 டிகிரியில் வைத்து, விசிறியை மெல்லச் சுழலவிட்டால் பெரும்பாலோர்க்கு அதுவே போதுமானது.

இவ்வூரின் இரவுகள் நமக்குக் கிடைத்த கொடை. ஏப்ரலிலும் இரவின் குறைந்த வெப்பம் சராசரியாக 22 டிகிரி அளவில்தான் இருக்கிறது. பகலில் மேற்குப்புறச் சன்னல்களைத் திரையிட்டு மூடி, கதிரவன் சாய்ந்தபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால், குளிர்சாதனம் இயங்கும் நேரம் தானே குறையும். மொட்டைமாடியில் வெண்ணிறப் பூச்சு இட்டால் மேல்தள அறைகளின் வெப்பமும் தணியும்.

மேற்கண்ட 210 யூனிட் வீடு கீசரையும் விசிறிகளையும் மட்டும் கவனித்தாலே, 78 யூனிட் குறைந்து தன் இலவச அளவான 132க்கு வந்து சேரும் என்பதைக் கவனிக்க.

எதற்குப் பணம் போடலாம்?

ஆண்டு முழுவதும் இலவச அளவுக்குள் நிற்கும் வீட்டுக்குப் புதிய விசிறி வாங்குவதால் கட்டணம் குறையப்போவதில்லை. பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். 200ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கோ, அச்செலவு சில கோடை மாதங்களிலேயே திரும்பிவிடும்.

மாதந்தோறும் 300, 400 யூனிட் செலவிடும் சொந்த வீட்டினர் மாடியில் சூரிய மின்தகடு அமைப்பதைப் பற்றி எண்ணலாம். ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டத்தின்கீழ், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மத்திய அரசின் மானியமாகக் கிடைக்கும். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் வசதியும் உண்டு. மாதத் தவணையையும் குறையும் மின்கட்டணத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தபின் முடிவெடுப்பதே முறை.

வாடகை வீட்டினர் கவனத்துக்கு

வாடகைக்கு இருப்போரும் கிருஹ ஜோதிக்குத் தகுதியுடையோரே. வீடு மாறும்போது, பழைய வீட்டு இணைப்பிலிருந்து ஆதார் எண்ணை விடுவித்துக்கொண்டு, சேவா சிந்து தளத்தில் புதிய வீட்டுக்குப் பதிவு செய்யவேண்டும். இதை மறந்தால், இலவச அளவு இருந்தும் பயன் இராது.

பதினைந்தாம் நாள் பழக்கம்

இறுதியாக, செலவே இல்லாத ஒரு வழி. சென்ற மாதச் சீட்டில் அச்சிடப்பட்ட அளவீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுத்த பதினைந்தாம் நாள் மீட்டரைப் பார்த்து, அதிலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். விடை நூறைத் தாண்டியிருந்தால் எஞ்சிய பதினைந்து நாள்களில் கையைச் சுருக்க இன்னும் நேரமிருக்கிறது. சீட்டு வந்தபின் அறிவதைவிட, பாதி வழியிலேயே அறிந்துகொள்வது நம் பணப்பைக்கு நல்லது.