தொடாமல் பிடிக்கும் பிரேக்

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் ஸ்மார்ட் டிரெய்னர் என்ற கருவியைப் பொருத்துகிறோம். செயின் இப்போது அந்தக் கருவியின் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. எதிரே உள்ள திரையில் ஒரு மலைச்சாலை விரிகிறது. பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் என்றே வைத்துக்கொள்வோம்: 21 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவு 8 விழுக்காடு. 1952-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாக அங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ காப்பி. திரையில் அந்தச் சாலை நிமிர்ந்ததும் நம் தொடையில் பாரம் ஏறுகிறது. வளைவில் சாலை சற்றே தட்டையானால் கால் லேசாகிறது. சைக்கிளோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அந்தப் பாரம் எங்கிருந்து வருகிறது? கருவிக்குள் சக்கரத்தை உரசும் பிரேக் கட்டை எதுவும் கிடையாது. ஃப்ளைவீல் எனப்படும் கனத்த உலோகச் சக்கரம் சுற்றுகிறது. அதை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், மின்காந்தங்கள் நிற்கின்றன. காந்தப்புலத்தின் குறுக்கே உலோகம் ஓடும்போது அந்த உலோகத்துக்குள்ளேயே குட்டிக் குட்டிச் சுழல்களாக மின்னோட்டம் கிளம்புகிறது. ஒவ்வொரு சுழலும் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைப் பிறப்பித்த ஓட்டத்தையே எதிர்க்கிறது. சக்கரம் வேகமாகச் சுற்றச் சுற்ற எதிர்ப்பும் வளர்கிறது. பாரிஸில் இயற்பியலாளர் அராகோ 1824-இல் சுழலும் செம்புத் தட்டு காந்த ஊசியைத் தன் பின்னே இழுப்பதைக் கண்டார். காரணம் விளங்க 1831-இல் ஃபாரடே வர வேண்டியிருந்தது. ஊசலைக் கொண்டு பூமி சுழல்வதைக் காட்டிய ஃபூக்கோ, 1855-இல் காந்த முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றினால் அதிக விசை தேவைப்படுவதையும், தட்டு சூடேறுவதையும் காட்டினார். நம் வீட்டுச் சுவரில் இருந்த பழைய ஈபி மீட்டரிலும் இதே விதிதான் வேலை செய்தது. அதற்குள் சுற்றிய அலுமினியத் தட்டு தறிகெட்டு ஓடாமல் ஒரு நிலைக்காந்தம் அதைத் தொடாமலேயே பிடித்துவைத்திருந்தது.

டிரெய்னரில் இருப்பது மின்காந்தம் என்பதால், கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தாலே பிடி இறுகும், தளரும். நொடிக்குப் பல தடவை அதை மாற்றலாம். கட்டளை ப்ளூடூத் வழியே வருகிறது. என்ன கட்டளை இடுவது என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. வாட் எண்ணைக் கூட்டினால் உழைப்பு கூடும், குறைத்தால் குறையும் என்று நம்பிவிடுகிறோம்.

வாட் என்பது திறனின் அலகு. பெடலில் நாம் தரும் திறன் இரண்டு காரணிகளின் பெருக்கல்: எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம். 200 வாட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) சராசரியாகச் சுமார் 12.5 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 60 சுற்றுக்கு இறங்கினால் அதே 200 வாட்டுக்கு 19 கிலோ வேண்டும். 45 சுற்றில் 25 கிலோ. திரையில் தெரியும் எண் மூன்று வேளையிலும் 200 தான். உடலுக்கு மூன்றும் ஒன்றல்ல. வேகமாகச் சுற்றினால் பாரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது. மெதுவாக அழுத்தினால் தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் போகிறது. என் பார்வையில் எதிர்ப்பைத் தேர்ந்தெடுப்பது என்றால், இந்தப் பங்கீட்டைத் தேர்ந்தெடுப்பதுதான்.

கட்டளையிட மூன்று முறைகள் உண்டு. முதலாவதான எர்க் முறையில் நாம் வாட்டைச் சொல்லிவிடுகிறோம், மீதியைக் கருவி பார்த்துக்கொள்கிறது. 200 என்று சொன்னால், வேகமாக மிதிக்கையில் பிடியைத் தளர்த்தும், மெதுவாக மிதிக்கையில் இறுக்கும். பெருக்குத்தொகை மாறாது. கோபன்ஹேகனில் உடலியலாளர் ஆகஸ்ட் க்ரோ 1913-லேயே மின்காந்த பிரேக் பூட்டிய சைக்கிள் ஒன்றைத் தன் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார். உழைக்கும் தசை எவ்வளவு ஆக்சிஜனை வாங்குகிறது என்று அளக்க, உழைப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் அல்லவா? நுண் இரத்தக் குழாய்களைப் பற்றிய ஆய்வுக்காக 1920-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீட்டுக்கூடத்தில் நிற்கும் டிரெய்னர் அந்த ஆய்வுக்கூடச் சைக்கிளின் வாரிசு. எட்டு நிமிடம் கடுமை, நான்கு நிமிடம் ஓய்வு என்று அளந்து செய்யும் பயிற்சிக்கு எர்க் முறையை மிஞ்ச எதுவும் இல்லை.

அதற்கென்று ஒரு கண்ணியும் உண்டு. களைப்பில் சுற்று 90-இலிருந்து 70-க்கு இறங்குகிறது. கருவி விசையைக் கூட்டுகிறது. கூடிய விசையால் சுற்று 55 ஆகிறது. கருவி இன்னும் கூட்டுகிறது. சில நொடிகளில் பெடல் சேற்றில் புதைந்ததுபோல் நின்றுவிடும். அந்த நேரத்தில் கியரை மாற்றிப் பயனில்லை, கருவி அதையும் ஈடுகட்டிவிடும். மிதிப்பதை ஓரிரு நொடி நிறுத்தி, பிடி தளர்ந்ததும் வேகமாகச் சுற்றித் திரும்ப ஏற வேண்டும். அதைவிட நல்லது, கடும்பகுதி தொடங்குவதற்கு முன்பே சுற்றைச் சற்று உயர்த்திக்கொள்வது.

எர்க்கில் கியருக்கு வேலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாட் கணக்கில் இல்லைதான், உணர்வில் உண்டு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும்போது அவற்றுக்குள் ஏறத்தாழ 2,800 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. மலையில் 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சமவெளியில் பெடல் மேலும் கீழுமாக நிற்கும் கணத்தில், காலில் விசை குறைந்தாலும் ஓட்டத்தின் உந்தம் நம்மைக் கொண்டுபோய்விடுகிறது. மலையில் அந்த உதவி இல்லை. ஒவ்வொரு சுற்றையும் நாமே முழுதாகத் தள்ள வேண்டும். டிரெய்னரில் இந்த உந்தத்தைத் தருவது ஃப்ளைவீல். முன்னால் பெரிய பல்சக்கரத்தில் செயினை வைத்தால் ஃப்ளைவீல் விரைந்து சுற்றும், சமவெளி உணர்வு வரும். சிறியதில் வைத்தால் மெதுவாகச் சுற்றும், அதே 200 வாட் மலையைப் போலக் கனக்கும். மலைப் பயணத்துக்குத் தயாராகிறவர் சிறிய பல்சக்கரத்தில் பயிற்சி செய்வதே முறை. ஃப்ளைவீல் மெதுவாகச் சுற்றும்போது காந்தம் பெரிய விசையைத் தர முடியாது. மிக வேகமாகச் சுற்றும்போது மிகக் குறைந்த வாட்டுக்கு இறங்கவும் முடியாது. சொன்ன எண்ணைக் கருவி எட்டவில்லை என்றால் கோளாறு என்று முடிவு கட்டுமுன் கியரை மாற்றிப் பார்க்கலாம்.

சரிவு முறை வேறு. இங்கே திரையில் சாலையைக் காட்டும் செயலி நம் எடையையும் வாட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று எதிரிகளைக் கணக்கிடுகிறது: புவியீர்ப்பு, டயரின் உருளல் எதிர்ப்பு, காற்று. சமவெளியில் காற்றே பெரிய எதிரி. வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். மலையில் காற்று கணக்கிலேயே வராது, எடைதான் பேசும்.

ஸ்விஃப்ட் செயலியில் இந்தச் சரிவை எவ்வளவு காலுக்குக் கடத்துவது என்று சொல்ல டிரெய்னர் டிஃபிகல்ட்டி என்றொரு அமைப்பு இருக்கிறது. யாரும் தொடாதவரை அது 50 விழுக்காட்டில் நிற்கும். 10 விழுக்காடு ஏற்றம் காலுக்கு 5 ஆகத் தெரியும். இதை ஏமாற்று வேலை என்று கருதி 100-க்குத் தள்ளிவிட்டு முழங்காலை வருத்திக்கொள்கிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். முன்னே 34, பின்னே 28 பல் உள்ள கியரில், அதே 80 கிலோ, 200 வாட். 10 விழுக்காடு சரிவை முழுதாக உணரவைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 56 சுற்றுதான் வரும். பாதியாகக் குறைத்தால் 100 சுற்று வரும். திரையில் உள்ள உருவமோ இரண்டு வேளையிலும் ஒரே வேகத்தில்தான் ஏறும், ஏனென்றால் ஏற்றத்தில் அதன் வேகத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக வாட்டும் எடையும்தான், இந்த அமைப்பு அல்ல. மலை தணியவில்லை, நமக்குக் கூடுதலாகச் சில இலகுவான கியர்கள் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

குறைத்துவைப்பதில் இழப்பும் உண்டு. பந்தயத்தில் சாலை இலேசாக எழும் இடங்களைக் கால் முதலில் அறியும், கண் பிறகுதான் பார்க்கும். அமைப்பு மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தச் சேதி காலுக்கு வராமலே போய்விடும். முன்னே போகிறவர்கள் பிரிந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவது, எதிர்ப்பை ஒரே நிலையில் வைக்கும் முறை. பிடி மாறாது, மிதிக்கும் வேகத்துக்கேற்ப வாட் ஏறும். குறுகிய பாய்ச்சலுக்கு இது பொருத்தம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய திறனை மதிப்பிட, 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி அதன் சராசரியில் 95 விழுக்காட்டை எடுக்கும் சோதனை பரவலாக இருக்கிறது. அதை ஒருபோதும் எர்க்கில் செய்யக்கூடாது. நாம் சொன்ன எண்ணையே கருவி திருப்பிச் சொல்லும், நம் வரம்பைச் சொல்லாது.

பெடலில் தந்த வாட் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் ஃப்ளைவீலில் வெப்பமாகிறது. சூடேறிய உலோகத்தின் மின்தடை கூடும், சுழல் மின்னோட்டம் குறையும், பிடி தளரும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே கருவியின் வாட் அளவைச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். அதைவிடப் பெரிய அடுப்பு நம் உடல். 200 வாட் பெடலுக்குப் போகும்போது ஏறத்தாழ 700 வாட் உடலில் வெப்பமாகத் தங்குகிறது. வெளியே எதிர்க்காற்று அதை வாரிக்கொண்டு போகும். அறையில் காற்று நகராது. புழுக்கமான ஊரில் வியர்வை ஆவியாகாமல் தரையில்தான் சொட்டும். மின்விசிறி இல்லாமல் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பு அதிகம் என்று குறைப்பவர் தவறான இடத்தில் கை வைக்கிறார்.

முறையாகச் செய்தால் அறைக்குள் கிடைக்கும் பயிற்சி சாலையில் செல்லுபடியாகும். ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரி இறுதியில் பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு வீட்டின் கராஜில் டிரெய்னரில் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று, கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார்.

உங்களிடம் டிரெய்னர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். சரிவு முறையில் இருக்கும் மிகச் செங்குத்தான ஏற்றத்தில், உங்கள் ஆக இலகுவான கியரில், நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் கீழே போகாதபடி டிரெய்னர் டிஃபிகல்ட்டி அமைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இடைவெளிப் பயிற்சிக்கு எர்க்கைப் போடுங்கள், சோதனைக்கு அதை அணையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வையுங்கள்.